கோழி நோயும் பனியின்மேற் பழியும்

 

நம் நீலகிரியிற் கோழி மடிந்தால் ‘பனி அடித்தது’ என்றுரைத்து அமைதலே வழக்கமாயிற்று. பனி ஒன்றிரண்டை வாட்டலாம். ஒரு வாரத்துள் லயன் முழுவதையும் வெறுமையாக்குவது தொற்றுநோயே.

வெண்மையும் பசுமையுமான கழிச்சல், வாய் திறந்து மூச்சிளைத்தல், கழுத்து முறுக்குதல், காலுஞ் சிறகும் முடங்குதல் ஆகியன வெள்ளைக்கழிச்சலின் குறிகள். இமயச்சாரலிலுள்ள இராணிகேத்தின் பெயரும் இதற்குண்டு. வந்தபின் தீர்க்கும் மருந்தில்லை. மஞ்சளும் மிளகும் புகட்டுவது நம் மன ஆறுதலுக்கே. நலமாயிருக்கும்போதே, முதல் வாரத்திற் கண்ணிலும் மூக்கிலும் சொட்டுமருந்தும், எட்டாம் வாரத்தில் ஊசியும் இடுவிக்க. இராணிப்பேட்டையில் 1932-இல் தோன்றிய நிலையம் இத்தகைய தடுப்புமருந்துகளைச் செய்கின்றது.

கோழிக்கு ஊசியா என்று நகைப்பாருமுளர். நாய்க்கடி மருந்தாற் பெயர்பெற்று, 1907 முதல் குன்னூரில் விளங்கும் நிலையம் பாஸ்டர் பெருமானின் பெயர் தாங்கியது. அப்பெரியார், வலிகுன்றிய கிருமியைக்கொண்டே நோயைத் தடுக்கலாமென 1880-ஐ ஒட்டிக் கண்டது கோழிக் காலராவில். நாய்க்கடிக்கு ஊசியிட்டது 1885-இலேதான்!

குஞ்சுகளின் இரத்தக் கழிச்சல் வேறு, ஈரத்திற் பெருகுவது. ஆடி மழையில் நனைந்த விரிப்பை நாடோறும் மாற்றுக.

ஒன்று கடிந்து கூறுவேன். தள்ளாடுங் கோழியை விரைந்து சந்தையில் விற்கின்றோம். முட்டை விற்று உப்பும் எண்ணெயும் வாங்கும் வேறொரு தாயின் கூட்டையன்றோ அழிக்கின்றோம்? நோயுற்றதைப் பிரித்து வைக்க. இறந்ததைச் சுண்ணாம்பிட்டு ஆழப் புதைக்க. புதிதாய் வாங்கியதை இருவாரம் தனியே அடைக்க. ஊசியிடும் நாளை லயனார் அனைவரும் கூடிக் குறித்து, கால்நடை மருத்துவர்க்கு முன்னரே அறிவிக்க.