ரேடியேட்டருக்குள் போர் தண்ணீர்

போன சித்திரையில் குடும்பத்தோடு மதுரைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, எங்கள் காரின் வெப்பமுள் சிவப்புக்கோட்டைத் தொட்டது. ஓரங்கட்டிப் பார்த்தால், அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். பக்கத்து ஊர் மெக்கானிக் ரேடியேட்டரைக் கழற்றி, அதில் ஒரு குழாயை நறுக்கி என் உள்ளங்கையில் வைத்தார். வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். ஊசியால் குத்தினாற்போல் மூன்று துளைகளில் வெளிச்சம் தெரிந்தது. உட்புறம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைப் படிவு.

"என்ன சார் ஊத்துனீங்க?"

"தண்ணிதாண்ணே. குறையக் குறைய ஊத்துவோம்."

"போர் தண்ணியா?"

ஆமாம் என்று சொல்ல நாக்கு கூசியது.

அம்பாசிடர் காலத்தில் ரேடியேட்டர் செம்பிலும் பித்தளையிலும் இருந்தது. எந்தத் தண்ணீரை ஊற்றினாலும் ஓரளவு தாங்கும். ஓட்டை விழுந்தால் ஈயம் வைத்துப் பற்றவைப்பார்கள். அந்தப் பழக்கம் நம் கையை விட்டுப் போகவில்லை, உலோகம்தான் மாறிவிட்டது. இன்றைய கார்களில் பெரும்பாலும் அலுமினியம். எடை குறைவு. ஆனால் குழாயின் சுவர் அரை மில்லிமீட்டர்கூடக் கிடையாது.

அலுமினியத்துக்கு இயற்கையே ஒரு கவசம் தந்திருக்கிறது. காற்றுப் பட்டதும் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் உருவாகிறது. அந்தப் படலம் இருக்கும்வரை உள்ளே அரிக்காது. நம் ஊர்ப் போர் தண்ணீரில் பல இடங்களில் உப்பு அதிகம். அதிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தை ஏதோ ஒரு புள்ளியில் உடைத்துவிட்டால், அரிப்பு அகலமாகப் பரவாமல் அதே புள்ளியில் ஆழமாகக் குடைந்துகொண்டே போகும். வெளியே பளபளவென்று இருக்கும் ரேடியேட்டர் ஒருநாள் திடீரென்று ஒழுகுவது இதனால்தான்.

வெறும் தண்ணீருக்குப் பதில் கூலண்ட் ஊற்றச் சொன்னால், "இங்கே என்ன பனியா உறையப் போகுது, கூலண்ட் எதுக்கு?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நானும் கேட்டவன்தான். கூலண்டில் உள்ள கிளைக்கால் தண்ணீரை உறையவிடாமல் காக்கும். பாதிக்குப் பாதி கலந்தால் கொதிநிலையையும் சுமார் 107 டிகிரிக்கு உயர்த்தும். நமக்கு அதைவிட முக்கியம், அதில் சேர்த்திருக்கும் அரிப்புத் தடுப்பு மருந்து. அந்த மருந்து நாளாக ஆகத் தீர்ந்துபோகும். வருடக்கணக்கில் சூடேறும் கிளைக்காலும் மெல்ல அமிலமாக மாறும். அமிலம் கூடினால் அந்தக் கவசமே கரையும். அதனால்தான் கூலண்டுக்கும் ஆயுள் உண்டு. எத்தனை வருடம், எத்தனை கிலோமீட்டர் என்று வண்டியோடு தந்த கையேட்டில் இருக்கும். தயவுசெய்து ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். நிறம் வெறும் சாயம். கையேடு சொல்லும் வகையைக் கேட்டு வாங்குங்கள், இருப்பதோடு வேறு வகையைக் கலக்காதீர்கள். கெட்டியான கூலண்ட் என்றால், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரைக் கலக்குங்கள். கலந்தே விற்பது என்றால் அப்படியே ஊற்றலாம்.

லீக்கை அடைக்க மஞ்சள் தூள் போடும் கைவைத்தியமும் நம்மிடம் உண்டு. அலுமினிய ரேடியேட்டரின் ஒடுங்கிய குழாய்களில் அது போய் அடைத்துக்கொண்டால், ஒழுகலைவிடப் பெரிய செலவு வரும். வழியில் வேறு வழியே இல்லை என்றால், இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு நல்ல தண்ணீர் ஊற்றி ஊர் வந்து சேருங்கள். சேர்ந்ததும் அதை வடித்துவிட்டு முறைப்படி கூலண்ட் நிரப்புங்கள். சூட்டோடு மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும்.

வடித்த பழைய கூலண்டைத் தெருவில் கொட்டாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் விஷம். தாகத்தில் வரும் தெருநாய்க்கு அது தெரியாது, வீட்டுக் குழந்தைக்கும் தெரியாது. மூடியுள்ள கேனில் பிடித்து, ஒர்க் ஷாப்பில் ஒப்படைத்துவிடுங்கள்.