சவரக்கத்தியின் கூர்முனை

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

    

நாவலும் அதனையொட்டி எடுத்த பேசும்படமும் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு நம் செயலாளர் அவர்கள் பணித்தார்கள். இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் தமிழாசிரியனுக்குப் பேசும்படத்தோடு என்ன உறவு என்று சிலர் எண்ணக்கூடும். இயலோடு இசையையும் கூத்தையும் சேர்த்து முத்தமிழ் எனப் போற்றிய மரபினர் அன்றோ நாம்? ஏட்டிலுள்ள பொருள் திரைக்குச் செல்லுங்கால் எதனை இழக்கின்றது, எதனைப் பெறுகின்றது என ஆராய்தல் என் தொழிலுக்குப் புறம்பானதன்று. அன்றியும், யான் எடுத்துக்கொண்ட கதை நம் இல்லங்களின் கவலை ஒன்றையும் தொடுவதாகும்.

சாமர்செட் மாம் என்னும் ஆங்கில ஆசிரியர் 1944-இல் வெளியிட்ட நாவல் அது. அதன் பெயரைச் ‘சவரக்கத்தியின் கூர்முனை’ எனத் தமிழாக்கலாம். வீட்டுநெறி கத்தியின் விளிம்பில் நடப்பதுபோல் அரியது என்னும் கடோபநிடதக் கருத்தே அப்பெயர்க்கு மூலம். மாம் 1938-இல் இந்நாட்டுக்கு வந்து திருவண்ணாமலைக்கும் சென்றார். ரமண முனிவரைக் காணுமுன்னரே அவர் மயங்கி வீழ்ந்தார். முனிவர் தாமே அவரிருந்த இடத்துக்கு எழுந்தருளி, பெரும்பாலும் மௌனமாகச் சிறிது பொழுது உடனிருந்தார். இதனை மாம் பிற்காலத்தே தாமே எழுதியுள்ளார். அச்சந்திப்பின் நிழல், நாவலில் வரும் ஸ்ரீ கணேசர் என்னும் ஞானியின்மீது படிந்துள்ளது. அந்த ஞானியின் ஆசிரமம் திருவிதாங்கூரில் உள்ளதாக ஆசிரியர் அமைத்தார்.

கதையைச் சுருங்கச் சொல்வேன். டாரல் என்பான் அமெரிக்க இளைஞன். முதல் உலகப்போரில் விமானம் ஓட்டியவன். அவனைக் காக்க முனைந்த தோழன் ஒருவன் அவன் கண்முன்னரே உயிர் துறந்தான். அன்று தொட்டு, வாழ்வு எதற்கு, சாவு என்னை என்னும் வினாக்கள் அவனை விடவில்லை. ஊர் திரும்பியபின் நல்ல உத்தியோகம் அவனைத் தேடி வந்தது. இஸபெல் என்னும் நங்கையோடு மணமும் உறுதியாயிற்று. அவனோ உத்தியோகத்தை மறுத்துப் பாரிஸ் நகருக்குச் சென்று நூல்களிலே மூழ்கினான். இஸபெல் அவ்வெளிய வாழ்வை ஏற்க இயலாது விலகிக் கிரே என்னும் செல்வனை மணந்தாள். டாரல் பிரான்ஸ் நாட்டுச் சுரங்கத்தில் நிலக்கரி வெட்டினான். கிறிஸ்தவத் துறவியரோடு வைகினான். பின்னர் இந்தியாவுக்கு வந்து ஞானியைக் கண்டு தெளிவு பெற்றான்.

இதனை 1946-இல் ஹாலிவுட்டின் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனத்தார் படமாக்கினர். இயக்கியவர் எட்மண்ட் கூல்டிங். டாரலாக நடித்தவர் டைரோன் பவர்; அவர் இரண்டாம் உலகப்போரில் விமானியாகப் பணியாற்றி அப்பொழுதுதான் மீண்டு வந்தவர். போரிலிருந்து திரும்பிய மைந்தர் பல இல்லங்களில் வாய்திறவாது அமர்ந்திருந்த காலம் அது. படம் பார்க்கச் சென்ற தாய்மார்க்கு டாரலின் மௌனம் புதியதன்று.

அப்படத்திற் சிறந்து விளங்குவது ஸோபி என்பாளின் கதை. கணவனையும் குழந்தையையும் மோட்டார் விபத்தில் ஒருங்கே பறிகொடுத்தவள் அவள்; துயரந் தாளாது குடியில் வீழ்ந்தாள். டாரல் அவளை மணந்து கரையேற்ற எண்ணினான். பொறாமைகொண்ட இஸபெல் மதுப்புட்டியை அவள் கைக்கெட்டும் இடத்தே வைத்துவிட்டு அகன்றாள். ஸோபியாக நடித்த ஆன் பாக்ஸ்டருக்குத் துணை நடிகைக்குரிய ஆஸ்கார் பரிசு கிடைத்தது முற்றும் தக்கதே. துயரம், ஆசை, பொறாமை இவற்றைக் காட்டுதல் காமிராவுக்கு எளிது. இவை முகத்தில் எழுதப்படுவன.

ஞானமோ முகத்தில் எழுதப்படுவதன்று. இரண்டரை மணி நேரத்துக்கு அணித்தாக ஓடும் அப்படத்தில் இந்தியப் பகுதி மிகச் சில நிமிடங்களே. நாவலில் தென்னாட்டு மலைச்சாரலில் நிகழ்வதைப் படத்தார் பனிமலைச் சூழலுக்குக் கொண்டு சென்றனர். வெண்தாடி முனிவர், உயர்ந்த சிகரம், விடியலின் ஒளி, பின்னே இசை; ஞானம் பிறந்துவிட்டதாம்! காண்பவர் மனத்தில் யாது பதியும்? பனிமலை ஏறினால் ஞானம் வரும் என்பதன்றி வேறில்லை. ரமண முனிவர்க்கோ மெய்யுணர்வு வாய்த்தது 1896-இல், மதுரையில் ஒரு வீட்டு மாடியறையில். பனியுமில்லை, இசையுமில்லை.

நாவலாசிரியர் இவ்விடர்ப்பாட்டை நன்கறிந்தவர். டாரல் தன் இந்திய வாழ்வை ஓர் இரவு முழுதும் எடுத்துரைக்கும் பகுதியின் தொடக்கத்தே, கதையை மட்டும் விரும்புவோர் இதனைக் கடந்து செல்லலாம் என்கிறார். உடனே, இவ்வுரையாடல் இல்லையேல் இந்நூலை எழுதியே இருக்கமாட்டேன் என்னும் கருத்தையும் வைக்கிறார். மணிமேகலையிலும் இத்தகைய இடம் ஒன்று உண்டு. வஞ்சி மாநகரில் பல சமயத்தார் கொள்கைகளை அவள் கேட்டறியும் காதையைக் கதைச்சுவை வேண்டுவோர் விரைந்து கடப்பர். ஆயினும், அக்காதை இன்றேல் அவள் தேடல் எத்தகையது என்பது விளங்காது. படம் எடுத்தோர் முன்னைய இசைவை ஏற்றனர். பின்னைய எச்சரிக்கையை மறந்தனர்.

ஆயினும் ஓரிடத்தில் படம் உண்மையைத் தொட்டுவிட்டது. 1929-இல் பங்குச்சந்தை சரிய, கிரே செல்வமிழந்து தீராத தலைநோயால் வருந்துகிறான். டாரல் அவன் கையில் ஒரு நாணயத்தைக் கொடுத்து இறுகப் பற்றச் செய்கிறான். சிறிது பொழுதில் அக்கை தானே விரிய, நாணயம் கீழே விழுகிறது, நோயும் நீங்குகிறது. செல்வத்தைப் பற்றிப் பற்றியே நொந்த கை அது. தன்னையறியாது விட்டபொழுது நலம் பெறுகிறது. பனிமலை காட்டாத துறவை அச்சிறு நாணயம் காட்டுகிறது. ஞானியின் உள்ளத்தைப் படம் பிடித்தல் இயலாது. அவன் அருகிருந்தார் துயர் தணிதலைப் படம் பிடிக்கலாம். மணிமேகலையின் தெளிவை நாம் அறிவதும் அவள் ஏந்திய அமுதசுரபியால் அன்றோ?

1984-இல் ஜான் பைரம் இயக்கத்தில் இக்கதை மீண்டும் படமாயிற்று. நகைச்சுவைக்குப் பேர்போன பில் மர்ரி டாரலாக நடித்தார். இம்முறை இந்தியாவுக்கே வந்து படமெடுத்தனர். ஞானியோ பௌத்த லாமா ஆயினார். படம் வருவாய் ஈட்டவில்லை. அதில் ஒரு காட்சி நினைக்கத்தக்கது. மலையுச்சியில் விறகு தீர்ந்து குளிர் வருத்த, டாரல் தான் சுமந்துவந்த நூல்களையே தீயிலிட்டுக் குளிர்காய்கிறான். நூலை உயிரெனப் போற்றும் என்போன்றார்க்கு அது நெஞ்சைச் சுடும் காட்சி. ஆயினும் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் பாட்டிமாரும் அறிந்த பழமொழி.

பெரியோர்களே! இனி நம் இல்லங்களுக்கு வருவோம். பட்டம் பெற்ற மகன் கணிப்பொறி நிறுவன வேலையை உதறிவிட்டு, ‘எனக்குச் சிலகாலம் வேண்டும்’ என்கிறான். பெற்றோர் என்னிடம் வந்து கண்ணீர் உகுக்கின்றனர். அவன் தேடுவோனா, சோம்பித் திரிவோனா? இதனை எவ்வாறு அறிவது?

டாரலின் கதையே உரைகல் தருகின்றது. அவன் நாள்தோறும் பல மணிநேரம் கற்றான்; கரி வெட்டி உடல் வருந்தினான்; பிறர் பொருளில் உண்டு உறங்கினானல்லன். தன்னை மணக்க இருந்தவளிடம் உண்மையை ஒளியாது கூறினான். அவள் விலகியபொழுது பழிக்கவில்லை. தெளிவு பெற்றபின் தனக்கிருந்த சிறு வருவாயையும் துறந்து, உழைத்து உண்ண முற்பட்டான். 1946-ஆம் ஆண்டுப் படமும் கப்பலில் கூலியாளாய் உழைக்கும் அவனைக் காட்டியே முடிகின்றது. மெய்யான தேடல் தேடுவோனை வருத்தும், பிறரைச் சுரண்டாது. பொய்யான தேடலோ பெற்றோர் சோற்றில் வளரும். துறவறவியலுள் கூடாவொழுக்கத்துக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் இவ்வேறுபாட்டை நமக்கு முன்னரே உணர்த்தினார்.

இஸபெலையும் நாம் எளிதாகப் பழித்தலாகாது. ஸோபிக்கு அவள் இழைத்தது கொடுமை, ஐயமில்லை. ஆனால் வீடும் மக்களும் வேண்டும் என்று அவள் விரும்பியது குற்றமன்று. இல்லறவியலை முன்வைத்த வள்ளுவர் துறந்தாரைத் தாங்கும் கடனையும் இல்வாழ்வான்மீதே வைத்தார். இருநெறியும் ஒன்றையொன்று தாங்குவன.

நம் சங்க இதழ் ஆண்டுதோறும் உயர்பதவி பெற்றோர் பெயர்களை வெளியிட்டு மகிழ்கின்றது, நன்று. அப்பட்டியலில் இடம்பெறாத பிள்ளையைத் திருமண வீட்டில் நால்வர் நடுவே ‘இன்னும் சும்மாதான் இருக்கிறாயா?’ என்று கேளாதிருத்தல் அதனினும் நன்று. அவனைத் தனியே அழைத்து, ‘என்ன படிக்கின்றாய்? உன் உணவுக்கு என்ன செய்கின்றாய்?’ என வினவுங்கள். இவ்விரு வினாக்களுக்கும் நேர்மையான விடை வருமாயின், அவனுக்குக் காலம் கொடுங்கள். விடை வாராதாயின், கையில் வேலை ஒன்றைக் கொடுங்கள்.

இளைஞர்களே! படத்தைப் பார்த்தபின் நூலையும் படியுங்கள். ஆசிரியர் கடந்து செல்லலாம் என்ற பகுதியை மட்டும் கடவாதீர்கள்.