கட்டுமரமும் கலிலேயாப் படகும்

(யூபிலி விழாவில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



இவ்வாலயம் எழும்பிய வரலாற்றை மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நாமோ நம் கரையில் மறைந்துவரும் வேறொரு கட்டுமானத்தைப் பற்றிப் பேச விழைகிறோம். இரும்பை கடலோரக் கிராமமன்று. ஆயினும் பொம்மையார்பாளையம் தொடங்கி மரக்காணம் உப்பளம் வரையுள்ள கரையிலிருந்துதானே நம் வீட்டுச் சட்டிக்கு மீன் வருகிறது!

கட்டுமரத்தில் ஆணி இல்லை. மலைவேம்பு, இலவு போன்ற இலேசான மரங்களைச் செதுக்கி, அணியத்தைக் கூராக்கி, இரு முனைகளிலும் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். அவ்வளவுதான். நம் கரையில் துறைமுகம் கிடையாது. அலை உடைந்து விழும் மணல்தான். பள்ளமான படகு அங்கே நீர் நிறைந்து கவிழும். கட்டுமரத்திலோ ஏறிய தண்ணீர் இடுக்கு வழியே இறங்கிவிடும். கவிழ்ந்தாலும் புரட்டிப்போட்டு ஏறிக்கொள்ளலாம். முக்கோணப் பாய் விரித்து ஓடும்போது பக்கவாட்டில் ஒதுங்காதிருக்க, மரங்களின் இடுக்கில் ஒரு பலகையைச் செங்குத்தாக இறக்குவார்கள்.

இம்மரம் நீரைக் குடிக்கும், குடித்தால் கனக்கும். ஆகவே கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைப் பிரித்து வெயிலில் காயவைப்பார்கள். மறுபடி கட்டுவார்கள். எங்கே இறுக்குவது, எங்கே சற்றுத் தளர்த்துவது என்பது ஏட்டில் இல்லை, கையில் இருந்தது.

ஆங்கிலேய மாலுமி வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பெயர் சொல்லிக் குறித்தார். இன்று மேல்நாட்டார் அப்பெயரால் அழைக்கும் இரட்டை உடல் படகு வேறு. நம்முடையதோடு அதற்குப் பெயரளவில்தான் உறவு.

1986-இல் வறட்சியால் கலிலேயாக் கடல் வற்றியபோது, சேற்றுக்குள்ளிருந்து ஒரு படகு வெளிப்பட்டது. நீளம் 8 மீட்டருக்குச் சற்று மேல், அகலம் 2.3 மீட்டர், காலம் ஏறத்தாழ நம் ஆண்டவர் வாழ்ந்த காலம். அது இராயப்பரின் படகுதான் என்று நாம் சொல்லமாட்டோம், அதற்குச் சான்றில்லை. ஆனால் அதில் பத்துக்கு மேற்பட்ட மரவகைகள் இருந்தன. பழைய படகுகளிலிருந்து கழற்றிய பலகைகளும் இருந்தன. கைக்குக் கிடைத்ததைக் கொண்டு திரும்பத் திரும்பப் பழுது பார்த்திருக்கிறார்கள். ஆண்டவர் ஏறி அமர்ந்து போதித்த படகும் இத்தகைய ஏழைப் படகாகத்தான் இருந்திருக்கும்.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தது. அதற்கு முன்பே பரவத் தொடங்கிய ஃபைபர் படகு, நிவாரணமாகவும் வந்து கரையை நிறைத்தது. அதை நாம் குறை கூறவில்லை. விரைவில் போய் விரைவில் திரும்பலாம். வீட்டில் காத்திருக்கும் தாய்க்கு அது பெரிய காரியம். ஆனால் எஞ்சினுக்கு எண்ணெய் வேண்டும், எண்ணெய்க்குக் கடன் வேண்டும். கட்டுமரத்துக்குக் காற்றும் கயிறும் போதும். கட்டத் தெரிந்த பெரியவர்களோ ஒவ்வொருவராய்க் கல்லறைக்குப் போகிறார்கள்.

ஆகவே ஒரு விண்ணப்பம். நம் இளைஞர்கள் பெரியவர்கள் அருகிருந்து கட்டவும் அவிழ்க்கவும் பழக, ஆலய வளாகத்தில் ஒரு கட்டுமரம் வைக்க எண்ணியிருக்கிறோம். கரையிலுள்ள உங்கள் உறவினர் எவர் கொல்லையிலாவது பழைய கட்டுமரம் கிடந்தால், விறகுக்கு விற்குமுன் நமக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள். வண்டி அனுப்புகிறோம்.