மேலிடத்துக்கு எழுதும் கடிதமும் 21 நாள் கெடுவும்

(நகரசபையின் தமிழ்ச் சமூகத் தகவல் மாலையில் நகரசபை மொழிபெயர்ப்பாளர் ஆற்றிய உரை)

இந்நிலத்தின் மரபுவழி உரித்தாளர்களான பழங்குடி மக்களுக்கு முதலில் என் மரியாதையைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒருவர், தமக்கு அநீதி இழைக்கப்பட்டதாக நிறுவனத் தலைமைக்கு எழுதும் முறைப்பாட்டுக் கடிதம் பற்றிப் பேசுமாறு கேட்கப்பட்டேன். நான் சட்டம் பயின்றவன். ஆயினும் இங்கே மொழிபெயர்ப்பாளனாகவே பணியாற்றுகிறேன். ஆகையால் நான் சொல்வது பொதுத் தகவல். தனிப்பட்ட சட்ட ஆலோசனை ஆகாது.

பசு ஆராய்ச்சி மணியை அசைத்ததும் மன்னன் எழுந்து வந்தான் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். எல்லாளனைப் பற்றியும் மனுநீதிச் சோழனைப் பற்றியும் அக்கதை சொல்லப்படுகிறது. மேலிருப்பவரின் காதில் உண்மை விழுந்தால் நீதி கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக வேரூன்றியுள்ளது. மேற்பார்வையாளர் செய்த அநீதி பணிப்பாளருக்குத் தெரியாது, தெரிந்தால் திருத்துவார் என்று எண்ணி எழுதுகிறோம். சில வேளைகளில் அவ்வாறு நடப்பதும் உண்டு. ஆனால் பதிலுக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் உங்கள் கணக்கிலிருந்தே கழிகிறது என்பதை முதலில் மனத்திற் கொள்ளுங்கள்.

அவுஸ்திரேலியாவில் 2009ஆம் ஆண்டின் ஃபெயார் வேர்க் சட்டத்தின்படி, நியாயமற்ற வேலைநீக்கம் குறித்து ஃபெயார் வேர்க் கமிஷன் எனப்படும் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பிக்கலாம். வேலைநீக்கம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் விண்ணப்பம் சேரவேண்டும். சனி, ஞாயிறும் இக்கணக்கில் அடங்கும். பொதுவாக, குறைந்தது 6 மாதம் பணிபுரிந்திருக்க வேண்டும். 15 பேருக்குக் குறைவான ஊழியர்கள் உள்ள நிறுவனமாயின் 12 மாதம். தற்காலிக விசாவில் இருப்பவருக்கும் இவ்வுரிமை உண்டு.

கற்பனையாக ஓர் எடுத்துக்காட்டு. ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் களஞ்சியசாலை ஒன்றில் எட்டு ஆண்டுகள் வேலை செய்தவர். ஒரு வியாழன் மாலை அவரை அழைத்து, நடத்தை திருப்தியில்லை என்ற ஒருவரிக் கடிதத்தைக் கொடுத்து, நுழைவு அட்டையை வாங்கிக்கொள்கிறார்கள். அவர் பணிப்பாளருக்கு ஆறு பக்கம் எழுதுகிறார். பத்தாம் நாள், ஆராய்கிறோம் என்று பதில் வருகிறது. முப்பதாம் நாள், முடிவில் மாற்றமில்லை என்று இன்னொரு கடிதம் வருகிறது. அதன் பின்னரே அவர் ஆணைக்குழுவை நினைக்கிறார். கெடுவை நீடிப்பதற்கு விதிவிலக்கான சூழ்நிலை இருந்தாக வேண்டும். நிறுவனத்தின் பதிலுக்குக் காத்திருந்தேன், சட்டம் தெரியாது என்பவை மட்டும் பொதுவாகப் போதுமானவையாகக் கொள்ளப்படுவதில்லை. கடிதத்தையும் விண்ணப்பத்தையும் அவர் ஒரே வாரத்தில் அனுப்பியிருக்கலாம். நிறுவனம் இணங்கிவந்தால் விண்ணப்பத்தை மீளப் பெறுவதற்குத் தடையில்லை.

அப்படியாயின் கடிதம் வீணா? இல்லை. நன்கு எழுதப்பட்ட கடிதம் பின்னர் உங்களுக்குச் சான்றாகும். தவறாக எழுதப்பட்டது எதிர்த்தரப்புக்குச் சான்றாகும். இங்கே என் தொழிலைச் சார்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். "என்னில் ஏதும் பிழை இருப்பின் பொறுத்தருள்க" என்று எழுதுவது தமிழில் பணிவு. அதையே ஆங்கிலத்தில் பெயர்க்கும்போது பிழையை ஒப்புக்கொண்டதாக வாசிக்கப்படலாம். மொழிபெயர்ப்பாளர் எழுதியிருப்பதையே பெயர்க்க வேண்டியவர். அவ்வரியை நீக்கும் அதிகாரம் அவருக்கில்லை. செய்யாத பிழைக்கு மன்னிப்புக் கேட்காதீர்கள். கருணை காட்டுங்கள் என்பதைவிட, எனக்குக் காரணம் சொல்லப்படவில்லை என்பது வலிமையான வாக்கியம்.

ஏனெனில் ஆணைக்குழு கேட்கும் கேள்விகளும் அத்தகையவையே. தகுந்த காரணம் இருந்ததா? அக்காரணம் உங்களுக்கு அறிவிக்கப்பட்டதா? பதில் கூற வாய்ப்புத் தரப்பட்டதா? பேச்சின்போது துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ள நீங்கள் கேட்டும் நியாயமின்றி மறுக்கப்பட்டதா? வேலைத்திறன் குறை என்றால், முன்னெச்சரிக்கை செய்தார்களா? உங்கள் கடிதம் இவற்றுக்கு நாள், நேரம், பெயர் குறிப்பிட்டு விடை சொல்லட்டும். ஒரு பக்கம் போதும். இறுதியில் நீங்கள் வேண்டுவதைத் தெளிவாக எழுதுங்கள்: மீண்டும் வேலை, எழுத்துமூலமான காரணம், நிலுவைச் சம்பளம், சேவைச் சான்றிதழ். ஏழு நாளுக்குள் பதில் கேளுங்கள். மின்னஞ்சலில் அனுப்பிப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

அவமானத்தைப் பற்றிப் பல பக்கம் எழுதுகிறோம். அந்த வேதனை உண்மையானது. எனினும் நியாயமற்ற வேலைநீக்க வழக்கில் மன வேதனைக்கும் அவமானத்துக்கும் இழப்பீடு வழங்கச் சட்டம் இடமளிக்கவில்லை. மீண்டும் வேலையில் அமர்த்துவதே முதலாவது பரிகாரம். அது பொருந்தாதபோது இழப்பீடு வழங்கப்படலாம். அதுவும் 26 வாரச் சம்பளத்துக்கு மேற்படாது.

இழப்பீடு வேறு, உங்களுக்குச் சேரவேண்டிய பணம் வேறு. எடுத்துக்காட்டில் வந்தவர் நிரந்தர ஊழியராயின், ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட சேவைக்கு 4 வார முன்னறிவித்தல் உரியது. 45 வயதைக் கடந்து, இரண்டு ஆண்டுச் சேவையும் நிறைந்தவர் என்பதால் மேலும் ஒரு வாரம். கடுமையான ஒழுங்கீனம் அல்லாதவிடத்து, அந்த 5 வாரமும் முன்னறிவித்தலாகவோ சம்பளமாகவோ கிடைக்க வேண்டும். எடுக்காத வருடாந்த விடுமுறைக்கான பணமும் உரியது. சம்பளம் குறைத்துக் கொடுக்கப்பட்டிருந்தால் ஆறு ஆண்டுகள் வரை பின்னோக்கிக் கோரலாம்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். நீங்களே விலகுவதாக எழுதித் தாருங்கள் என்று கேட்டால் அன்றே கையொப்பமிடாதீர்கள்; பத்திரத்தை வீட்டுக்குக் கொண்டுசென்று, விளங்கிய பின்னர் முடிவெடுங்கள். நிறுவனத்தைப் பற்றி ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் எழுதுவதைத் தவிருங்கள்.

ஆணைக்குழுவின் தொலைபேசி எண் 1300 799 675. சம்பள நிலுவைக்கு ஃபெயார் வேர்க் ஒம்புட்ஸ்மன் அலுவலகம், 13 13 94. ஆங்கிலம் கடினமாயின் முதலில் 131 450ஐ அழைத்துத் தமிழ் உரைபெயர்ப்பாளரைக் கேளுங்கள். விண்ணப்பக் கட்டணம் உண்டு. செலுத்த இயலாதோர் விலக்குக் கோரலாம். விண்ணப்பத்தின் பின் பெரும்பாலும் தொலைபேசிவழிச் சமரசப் பேச்சே முதலில் நடைபெறும். அதற்கும் உரைபெயர்ப்பாளரைக் கட்டணமின்றிப் பெறலாம். தொழிற்சங்க உறுப்பினராயின் சங்கத்துக்கும் உடனே அறிவியுங்கள்.

வேலைநீக்கக் கடிதம் கையில் கிடைத்த அன்றே நாட்காட்டியில் இருபத்தோராம் நாளைக் குறித்துவிடுங்கள். மேலிடத்துக்குக் கடிதம் எழுதுவதை அதன் பின்னர் தொடங்கலாம்.