வளரும் பிள்ளைக்குச் சட்டை வெட்டுவது

(கைத்தொழில் ஆசிரியர்களுக்கும் பிற பாட ஆசிரியர்களுக்கும் சேர்ந்து நடந்த பணியிடைப் பயிற்சியில், அரசுப் பள்ளித் தையல் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தையல் டீச்சர் பேசப்போகிறார் என்றதும் பின்வரிசையில் கணக்கு ஆசிரியர்கள் சிலர் கைப்பேசியைக் கையில் எடுத்ததைப் பார்த்தேன். பரவாயில்லை. கொஞ்ச நேரத்தில் அவர்களிடம்தான் ஒரு கேள்வி கேட்கப் போகிறேன்.

வீட்டில் துணி தைப்பவர்கள் எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள். பதினைந்து பேர் இருப்பீர்கள். தைத்த துணி முதல் தடவையே உடம்பில் சரியாக உட்கார்ந்தது என்பவர்கள் மட்டும் கையை அப்படியே வைத்திருங்கள். இப்போது நான்கு கைதான் தெரிகிறது. மற்ற பதினொரு பேருக்காகவும், அவர்களைப் போலவே இருக்கும் நம் மாணவிகளுக்காகவும் பேசுகிறேன்.

மிஷினை நேராக ஓட்ட ஒரு மாதத்தில் பழகிவிடலாம். சட்டை உடம்பில் உட்காருவது அதற்கு முன்பே, காகிதத்தில் முடிவாகிவிடுகிறது. பேட்டர்ன் என்றும் பேப்பர் கட்டிங் என்றும் நாம் சொல்லும் அந்தக் காகித மாதிரி நம் வீடுகளுக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்டெர்லிங் என்ற சிற்றூரில் எபனேசர் பட்டரிக் என்ற தையற்காரர் 1863இல், ஒரே உடுப்பைப் பல அளவுகளில் காகிதத்தில் வெட்டி விற்கத் தொடங்கினார். அதற்கு முன் பத்திரிகைகளில் வந்த மாதிரிகள் ஒரே அளவில் இருக்கும். அதைப் பெரிதாக்குவதும் சிறிதாக்குவதும் வீட்டிலிருந்த பெண்ணின் பாடு. பல அளவுகள் வந்தபிறகும் அந்தப் பாடு முழுக்கத் தீரவில்லை. இருபது அளவில் வெட்டி வைத்தாலும் இருபத்தொன்றாவது உடம்பு ஒன்று வந்து நிற்கும்.

கணக்கு ஆசிரியர்களே, இப்போது உங்களுக்கு. மார்புச் சுற்றளவிலிருந்து கைக்குழியின் ஆழத்தைக் கண்டுபிடிக்க எங்கள் தொழிலில் ஆளுக்கொரு கணக்கு உண்டு. எனக்கு முதலில் தையல் சொல்லித்தந்த அக்கா மார்பளவை எட்டால் வகுத்து 3 கூட்டுவார். பிறகு நான் படித்த பயிற்சி வகுப்பில் ஆறால் வகுத்து 1½ கூட்டச் சொன்னார்கள். எது சரி என்று இரண்டு தையற்காரர்கள் மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். 36 அங்குல மார்புக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டிலும் 7½ வரும். 24 அங்குலத்துக்கு ஒன்றில் 6, மற்றதில் 5½. 44 அங்குலத்துக்கு ஒன்றில் 8½, மற்றதில் 8¾க்கும் மேலே. ஒன்பதாம் வகுப்பில் இரு மாறிகளில் அமைந்த நேரியல் சமன்பாடு நடத்துகிறீர்களே, அந்த இரண்டு கோடுகள்தாம் இவை. வரைபடத் தாளில் வரைந்தால் 36இல் வெட்டிக்கொள்ளும், இரண்டு பக்கமும் விலகிக்கொண்டே போகும்.

சண்டை போட்ட இருவரும் நடுத்தர உடம்புக்குத் தைத்து அனுபவப்பட்டவர்கள். அங்கே இரண்டு கணக்கும் ஒன்றுதான். நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோ பெரும்பாலும் கோட்டின் ஓரத்தில் இருக்கிறார்கள். 24 அங்குலப் பிள்ளைக்குக் கைக்குழியில் அரை அங்குலம் என்பது சாதாரணம் இல்லை. அது அக்குளில் வெட்டும், அல்லது கையைத் தூக்கினால் சட்டை முழுவதும் மேலே ஏறும். அதனால் எந்தக் கணக்கையும் நான் மறுப்பதில்லை. கணக்குப் போட்டுக் காகிதத்தில் வரைந்த பிறகு, பிள்ளையின் தோள்முனையிலிருந்து அக்குள் மட்டம்வரை நாடாவை வைத்து ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.

இடையில் ஒன்று. எடை, அளவுச் சட்டம் 1956இல் வந்தது, துணிக்கடை மீட்டருக்கு மாறியது. தையற்கடை மாறவில்லை. மீட்டரில் வாங்கி அங்குலத்தில் வெட்டுகிறோம். அளவு நாடாவின் ஒரு பக்கம் சென்டிமீட்டர், மறுபக்கம் அங்குலம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கையில் அதைக் கொடுத்து இரண்டு பக்கத்தையும் ஒப்பிடச் சொல்லிப் பாருங்கள், அரை நாள் ஓடிவிடும்.

இனி, நம் பெற்றோர் எல்லோரும் சொல்லும் வாக்கியத்துக்கு வருகிறேன். “டீச்சர், வளர்ற புள்ள, ரெண்டு வருஷமாவது வரணும், கொஞ்சம் பெருசா தைங்க.” அந்த அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. துணி விலை அவருக்குத்தான் தெரியும். ஆனால் ‘பெருசா’ என்றதும் எல்லா இடத்திலும் இரண்டிரண்டு அங்குலம் கூட்டிவிடுகிறார்கள். தோள் இறங்கிக் கைமேல் தொங்குகிறது, கழுத்து விரிகிறது, குனிந்தால் உள்ளே தெரிகிறது. ஆறாம் வகுப்புப் பெண் குனிந்து கோலிக்குண்டு எடுக்க மாட்டாள், கோகோ விளையாட மாட்டாள். உடற்கல்வி ஆசிரியர் ‘இந்தப் பெண்ணுக்கு ஆர்வமில்லை’ என்று எழுதிவைப்பார்.

உடுப்பு தொங்குவது தோளிலிருந்து. தோளும் கழுத்தும் இன்றைய அளவில் இருக்க வேண்டும். வளர்ச்சிக்கான துணியை வேறு இடங்களில் ஒளித்து வைக்கலாம். நம் பாட்டிமார் பாவாடையில் இரண்டு மூன்று டக் பிடித்துத் தைத்தார்களே, தீபாவளிக்குத் தீபாவளி ஒன்று பிரிப்பதற்காக, அதுதான் முறை. சட்டையில் பக்கத்தையலுக்கு உள்ளே ஓர் அங்குலம் விடலாம். கீழ்மடிப்பை மூன்று அங்குலமாக மடிக்கலாம். கைநீளத்தையும் உள்ளே மடித்து வைக்கலாம். பிரிக்கும்போது பழைய மடிப்புக் கோடு வெளுத்துத் தெரியுமே என்பீர்கள். தெரியும். அதன்மேல் நாடா வைத்துத் தைத்தால் அலங்காரம்போல் ஆகிவிடும். சீருடையில் நாடா கூடாது என்றால் அந்தக் கோட்டிலேயே உள்பக்கமாக மெல்லிய டக் ஒன்று பிடியுங்கள், நீளத்தில் கால் அங்குலம்தான் போகும்.

எட்டாம் வகுப்புவரை வரும் விலையில்லாச் சீருடைக்கும் இதைச் சொல்கிறேன். லட்சக்கணக்கில் தைக்கும்போது அளவு வரிசைப்படிதான் தைக்க முடியும். சட்டை வந்ததும் உள்பக்கம் திருப்பி, தையலுக்கு வெளியே எவ்வளவு துணி விட்டிருக்கிறது என்று பாருங்கள். இருந்தால் பிரிக்கலாம். இல்லையென்றால் அக்குளிலிருந்து கீழ்வரை ஒரு பட்டை இணைக்கலாம். பெரிதாக இருந்தால் இன்னும் எளிது. பக்கத்தில் மட்டும் பிடித்துவிட்டு நிறுத்தாமல், தோள் இறங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தோளில் செய்ய வேண்டியதைப் பக்கத்தில் செய்தால் இறுக்கம் வருமே தவிரப் பொருத்தம் வராது.

புதிதாக வெட்டுபவர்களுக்கு: திருத்தத்தைக் காகிதத்திலேயே முடித்துவிடுங்கள். செய்தித்தாள் போதும். மார்பில் இரண்டு அங்குலம் கூட்ட வேண்டுமென்றால், முன்பாதி, பின்பாதி, இடம், வலம் என்று நான்காகப் பிரித்துக் காகிதத்துக்கு அரை அங்குலம்தான். நீளம் கூட்டுவதானால் அடியில் ஒட்டாதீர்கள். இடுப்பு வளைவு இருக்கும் இடம் அப்படியே மேலே நின்றுவிடும், சட்டை நீளும், இடுப்பு இறங்காது. மார்புக்கும் இடுப்புக்கும் நடுவில் காகிதத்தைக் குறுக்கே வெட்டி, வேண்டிய அளவு விலக்கி, பின்னால் வேறு காகிதம் ஒட்டுங்கள். முன்பக்கத்தில் செய்ததைப் பின்பக்கத்திலும் செய்து, இரண்டு பக்கத்தையல் கோடுகளையும் சேர்த்து வைத்து நீளம் ஒன்றா என்று பாருங்கள். கைக்குழியைத் தொட்டிருந்தால் கையின் மேல் வளைவையும் நாடாவால் அளந்து சரிசெய்ய வேண்டும். இதை விட்டவர்கள் கடைசியில் கையைச் சுருக்கிச் சுருக்கி உள்ளே திணிப்பார்கள், பஃப் வைத்ததாகச் சொல்லிக்கொள்வார்கள்.

பிறகு காடாத்துணியில் ஒன்று வெட்டி, ஓட்டுத் தையல் போட்டு மாட்டிப் பாருங்கள். பழைய படுக்கை விரிப்பும் ஆகும். அப்போது சுருக்கங்களைப் படிக்க வேண்டும். குறுக்கே வரிவரியாக இழுத்தால் அந்த இடம் இறுக்கம். மேலிருந்து கீழாக மடிந்து தொங்கினால் அகலம் அதிகம். கழுத்தோரத்திலிருந்து அக்குளை நோக்கிச் சாய்வாக வரி விழுந்தால், பிள்ளையின் தோள் காகிதத்தில் உள்ளதைவிடச் சரிவு. முதுகில் இடுப்புக்கு மேலே துணி குறுக்கே மடிந்து கிடந்தால், அங்கே நீளம் அதிகம். சாய்வான வரியின் ஒரு முனையில் எப்போதும் காரணம் இருக்கும். விரலை வைத்துக்கொண்டே போனால் சிக்கிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: “டீச்சர், என் சுடிதார் கழுத்து மட்டும் ஏன் எப்பவும் ஒரு பக்கமாவே போகுது?” கடையில் இரண்டு முறை பிரித்துத் தைத்தும் சரியாகவில்லை. துப்பட்டாவை இரண்டு தோளிலும் ஊக்குக் குத்தி மறைத்தபடிதான் வருவாள். சுவரோரம் நிற்கவைத்துத் தரையிலிருந்து இரு தோள்முனைக்கும் அளந்தேன். வலத்தோள் முக்கால் அங்குலம் தாழ்ந்திருந்தது. இடுப்பு வளைவும் ஒரு பக்கம் ஆழமாக இருந்தது. அவளிடம் எதையும் பெரிதாகச் சொல்லாமல் வகுப்பாசிரியையிடம் சொன்னேன். பெற்றோரை வரவழைத்துப் பேசி, பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்ட ஏற்பாடாயிற்று. முதுகெலும்பைப் பார்ப்பது அவர்கள் வேலை. தோள் ஏற்றத்தாழ்வு உள்ள பிள்ளையைக் கண்டால் முதலில் அதைச் செய்யுங்கள், சட்டை காத்திருக்கும்.

பிறகு சட்டை. வழக்கமாகத் துணியை இரண்டாக மடித்துப் பாதிக் காகிதத்தை வைத்து வெட்டுகிறோம். உடம்பின் இரு பாதியும் ஒன்று என்று வைத்துக்கொண்டு செய்யும் வேலை அது. அவளுக்கு முழுக் காகிதம் வரைந்தோம். வலப்பக்கத்தில் கழுத்துப் புள்ளியைத் தொடாமல், தோள்முனையை மட்டும் முக்கால் அங்குலம் இறக்கிக் கோடு போட்டோம். கைக்குழியின் அடியையும் அதே முக்கால் அங்குலம் இறக்கினோம், இல்லாவிட்டால் குழி சிறுத்து அக்குளில் பிடிக்கும். முன்பக்கம், பின்பக்கம் இரண்டிலும் இதே திருத்தம். ‘வலம்’, ‘இடம்’ என்று காகிதத்தில் எழுதி, துணியை மடிக்காமல் நல்ல பக்கம் மேலே விரித்து, எழுத்துத் தெரியும்படி வைத்து வெட்டினோம். காகிதம் புரண்டால் தாழ்ந்த தோள் இடப்பக்கம் போய்விடும். தோளில் சிறு பேடு வைத்தும் சமன்செய்யலாம். வேண்டுமா என்று கேட்டேன். “வேணாம் டீச்சர், வேர்க்கும்” என்றாள்.

கழுத்து நடுவில் நின்றது. அடுத்த வாரம் ஊக்கு ஒன்றாயிற்று. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் செய்தி வாசிக்க மாட்டேன் என்று வருடம் முழுவதும் மறுத்தவள் ஜனவரியில் ஒருநாள் வாசித்தாள். சட்டையால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். தமிழாசிரியை அவளை விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்.

சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைகளின் உடுப்பும் இப்படித்தான். பேட்டர்ன் எல்லாம் நிற்கும் உடம்புக்கு வரைந்தவை. உட்கார்ந்தால் பேன்ட்டின் பின்பக்கம் இறங்கும், முன்பக்கம் வயிற்றில் குவியும். பின்பக்க இடுப்பை இரண்டு அங்குலம் ஏற்றி, முன்பக்கத்தை ஓர் அங்குலம் இறக்கி, பக்கத்தில் சரிவாகச் சேர்த்தால் இரண்டும் தீரும். கால் நீளத்தை உட்கார்ந்த நிலையில் முழங்கால் வழியாக அளக்க வேண்டும். பின்பாக்கெட் வேண்டாம். உணர்ச்சி குறைந்த உடம்பில் தடித்த தையல் அழுத்திப் புண்ணாக்கும், பிள்ளைக்குத் தெரியவே தெரியாது.

அளவெடுப்பது பற்றியும் சொல்ல வேண்டும். பல வகுப்புகளில் ஒருவர் அளக்க, இன்னொருவர் அளவை உரக்கச் சொல்ல, மூன்றாமவர் எழுதுகிறார். பதின்மூன்று வயதுப் பெண்ணின் மார்பளவை வகுப்பு முழுவதும் கேட்க வேண்டியதில்லை. என் வகுப்பில் தோழியர் இருவர் இருவராக, திரை மறைவில், ஒருவருக்கொருவர் அளந்துகொள்வார்கள். அவரவர் அளவு அவரவர் நோட்டில் இருக்கும், என்னிடம் காட்டினால் போதும். தொட்டு அளக்க விரும்பாத பிள்ளைக்கு வேறு வழி உண்டு. நாம் கடைக்கு அளவு பிளவுஸ் கொடுப்பதில்லையா, அதைப்போல நன்றாகப் பொருந்தும் பழைய சட்டை ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி மேசையில் விரித்து அளக்கலாம். அந்தச் சட்டையில் உள்ள குறையும் சேர்ந்தே வரும் என்பதால், எங்கே பிடிக்கிறது, எங்கே தொங்குகிறது என்று மட்டும் பிள்ளையிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பேச்சு போதும். தேநீருக்குப் பிறகு ஒவ்வொரு மேசையிலும் செய்தித்தாளும் பசையும் இருக்கும். கணக்கு ஆசிரியர்கள் இரு கோடுகளை வரைந்துவிட்டு, தங்கள் அளவு எங்கே விழுகிறது என்று குறித்துக்கொண்டு வாருங்கள், அதற்கே பேட்டர்ன் வெட்டுவோம். கத்தரிக்கோல் நான்குதான் இருக்கிறது. சிவப்பு நூல் கட்டியது காகிதத்துக்கு. மற்றது துணிக்கு. தயவுசெய்து மாற்றிவிடாதீர்கள், சாணை பிடிக்க நான் டவுனுக்குப் போக வேண்டும்.