டியூபுக்கு ஏற்ற நங்கூரம்



நம் ஊர் வெதுருகுப்பம். தெலுங்கில் வெதுரு என்றால் மூங்கில். ஒகேனக்கல்லில் மூங்கிலால் பரிசல் பின்னுகிறார்கள். அதில் சிறு ஓட்டை விழுந்தால் தண்ணீர் மெல்லக் கசியும். கரை சேர நேரம் கிடைக்கும்.

ஏரியில் மீன் பிடிக்கச் சிலர் லாரி டியூபில் போகிறார்கள். டியூப் கிழிந்தால் எல்லாக் காற்றும் போய்விடும். ஆகவே டியூபில் கூரான கொக்கி நங்கூரம் வேண்டாம். வேறு என்ன செய்வது?

ஒரு பழைய பெயிண்ட் டப்பாவை எடுங்கள். தடித்த கம்பியை வளையமாக வளையுங்கள். அதன் இரு காலையும் டப்பாவுக்குள் நிறுத்துங்கள். சிமெண்ட் கலவையை ஊற்றுங்கள். ஒரு வாரம் ஈரத்தோடு வையுங்கள்.

பிறகு, டப்பாவின் விளிம்பை அரத்தால் தேயுங்கள். பழந்துணியால் துடைத்துப் பாருங்கள். நூல் மாட்டினால், பிசிறு இன்னும் இருக்கிறது. மறுபடி தேயுங்கள். மேலே பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டுங்கள். வளையத்தில் கயிறு கட்டுங்கள். தண்ணீரின் ஆழத்தைப் போல மூன்று மடங்கு கயிறு வேண்டும்.

பலத்த காற்றில் இந்த நங்கூரம் நிற்காது. உடனே கரைக்கு வந்துவிடுங்கள்.

நங்கூரம் டியூபை நிறுத்தும். உயிரைக் காப்பது லைஃப் ஜாக்கெட். அதைப் போடாமல் தண்ணீரில் இறங்காதீர்கள். தனியாகவும் போகாதீர்கள்.