வளரிளம் பருவத்தினரின் குடிநோய்: யாருக்காகச் செய்த அளவுகோல்?



ஒன்றிய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைச் சிகிச்சை மையம் நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2019இல் வெளிவந்தது. 10 முதல் 17 வயதுக்குட்பட்டோரில் 1.3 விழுக்காட்டினர் மது அருந்துவதாக அது கூறிற்று. சிறிய எண்ணாகத் தோன்றலாம். இந்நாட்டில் அதன் பொருள் பல லட்சம் பிள்ளைகள். இவர்களுள் எவர் நோயுற்றவர், எவர் விளையாட்டாகச் சுவைத்தவர் எனப் பிரித்தறியும் அளவுகோலோ வயதுவந்த குடிநோயாளரை வைத்துச் செய்யப்பட்டது.

அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடு 11 அறிகுறிகளைச் சொல்கிறது. ஓராண்டுக்குள் இரண்டு தென்பட்டாலே குடிநோய். அதே போதைக்கு முன்னிலும் மிகுதியாகக் குடிக்க வேண்டியிருப்பது அவற்றுள் ஒன்று. புதிதாகக் குடிக்கத் தொடங்கிய பதினைந்து வயதுச் சிறுவனின் உடல் பழகிக்கொள்வது இயல்பு. அதுவும் நோயின் கணக்கில் ஏறிவிடுகிறது. 'எண்ணியதைவிடக் கூடுதலாகக் குடித்ததுண்டா?' என்பது இன்னொன்று. நண்பர் ஊற்றக் குடிப்பவன் எந்த அளவை முன்கூட்டி எண்ணினான்? மாறாக, குடியை நிறுத்தினால் கைநடுங்கும் நிலை பல்லாண்டுக் குடிக்குப் பின் வருவது, இளையோரிடம் அரிது. அதற்காகக் காத்திருக்கும் மருத்துவர் நோயைத் தவறவிடுவார்.

ஒரு திருத்தம் நன்று. குடியால் சட்டச் சிக்கலில் மாட்டுவது முன்பு அறிகுறியாக இருந்தது, 2013இல் நீக்கப்பட்டது. காவலரிடம் சிக்குபவன் குடிசைப் பையன். மாளிகை மாடியில் குடிப்பவன் சிக்குவதில்லை. நோயை அளப்பதாகச் சொல்லி வர்க்கத்தை அளந்த கேள்வி அது! பள்ளிக் கடமை தவறுதல் என்ற அறிகுறி இன்றும் உள்ளது. செங்கல் சூளைக்குப் போய்விட்ட பிள்ளைக்குப் பள்ளி ஏது?

பாஸ்டனில் இளையோருக்கென்றே ஆறு கேள்விகள் கொண்ட சோதனை உருவானது. அதில் ஒன்று, போதையிலுள்ளவர் ஓட்டிய காரில் சென்றதுண்டா என்பது. மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. இங்கே அது இருசக்கர வண்டியாக வேண்டும், கேள்வி நம் பிள்ளைகளிடம் சரிபார்க்கப்படவும் வேண்டும்.

2014இல் தொடங்கிய தேசிய வளரிளம் பருவ நலத் திட்டம் போதைப் பழக்கத்தையும் தன் பொறுப்பாக ஏற்றுள்ளது. அதன் மருத்துவமனைகளில் பயிற்சி பெற்ற நிரந்தர ஊழியரை நியமிக்குமாறு மாநில அரசுகளை நிர்ப்பந்திப்போம். தந்தையை வெளியே அமர்த்தி, பிள்ளையிடம் தனியே பேச ஓர் அறையும், சொன்னது காவல்நிலையத்துக்குப் போகாது என்ற உறுதியும் அங்கே வேண்டும்.